நான்கு முறை அகப்படாத புள்ளி

குருநகரில் மாமியார் லூர்த்தம்மாவோடு வசித்த வானியல் ஆய்வாளர் தயாளினி, வெடித்துப்போன நட்சத்திரம் ஒன்றை மூன்று வருடமாக விடாமல் கவனித்து வந்தாள். வெளிச்சம் சில மாதங்களிலேயே மங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்த ரேடியோ தொலைநோக்கியால் நான்கு தடவை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. “இதோடை விடுவம்” என்றார் ஆய்வுக் குழுத்தலைவர் பஞ்சலிங்கம். “ரேடியோ அலை பிந்தியும் வரலாம்” என்று அவள் மன்றாடித் தொலைநோக்கியில் இன்னும் ஒரு மணித்தியாலம் வாங்கியிருந்தாள்.

அந்தத் தரவு காலையில் வந்தது. படத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. தயாளினி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். ஆனாலும் நம்பவில்லை, செய்மதியோ கைபேசிக் கோபுரமோ இப்படி ஏமாற்றுவதுண்டு. வேறொரு அலைவரிசையில் படத்தை மறுபடி செய்தாள். ஏமாற்று அலை என்றால் மறைந்திருக்கும்; புள்ளி அதே இடத்தில் இருந்தது. பஞ்சலிங்கத்துக்கு அனுப்பிவிட்டுச் சாப்பாடும் மறந்து காத்திருந்தாள்.

மத்தியானம் அவர் அழைத்தார்.

“நானும் பாத்திட்டன். உண்மைதான். நீர் சொன்னதுதான் சரி, தயாளினி.”

அவள் போட்ட கூச்சலில், கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மா கத்தியும் கையுமாக ஓடிவந்தார்.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?”

“ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்துப்போச்சு, மாமி!”

“செத்ததுக்கோ உந்தச் சிரிப்பு?”

தயாளினி சிரித்துச் சிரித்தே விளக்கினாள். சாவதற்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே அந்த நட்சத்திரம் தன் மேலிருந்த வாயுவை வெளியே எறிந்திருக்கிறது. வெடித்துச் சிதறியவை இப்போதுதான் ஓடிப்போய் அந்த வாயுவில் மோதியிருக்கின்றன. அந்த மோதல்தான் ரேடியோ அலையாக வந்திருக்கிறது.

“அப்ப அது சாக முதல் என்ன செய்ததெண்டும் தெரியுமோ?”

“ஓம் மாமி, அதுதான் விசயம்!”

லூர்த்தம்மா கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையாலேயே மருமகளைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஒழுங்கைக்குப் போய் அயலட்டைப் பெண்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டார். ஆறு பேர் கணினியைச் சுற்றி நின்றார்கள்.

“உது இவ்வளவு சின்னனோ?” என்றாள் ஒருத்தி.

லூர்த்தம்மாவுக்குச் சுருக்கென்றது.

“தூரத்தை யோசிச்சுப் பாரடி!”

அன்று மாலை பஞ்சலிங்கம் மறுபடி அழைத்தார். அடுத்த மாதம் தொலைநோக்கியில் பத்து மணித்தியாலம் கிடைத்திருந்தது.