உப்பு ஒத்தடம்

தவமலருக்குப் பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. வயிற்றில் நாலு சிறு துளை, நாலு பிளாஸ்திரி. மறுநாளே ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

புறப்படும்போது நர்ஸ் மிஸி அவள் கணவர் முருகையாவைத் தனியே கூப்பிட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு விலாவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நரம்பு மரத்துப்போற ஊசி போட்டிருக்கு. நாளைக்குக் காலையில வரைக்கும் வயித்துல வலி அவ்வளவா தெரியாது. ஆனா சூடு பட்டாலும் தெரியாது லா. நீங்கதான் பாத்துக்கணும்."

"டிரையர் வாயிலயே நின்னு வயசாயிப்போனவன்மா நான். தேயிலைச் சூட்டக் கையிலயே பாத்தவன். எனக்கே சூட்டப் பத்திச் சொல்றியா?"

மிஸி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அவர் தொழிற்சாலையை விட்டு நின்ற பிறகு, தோட்டம் கொடுத்த லயத்து வீடு தவமலரின் வேலையை நம்பித்தான் நிற்கிறது. இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் கொழுந்து வெட்டும் மெஷினில் ஒரு பிடி அவளுடையது, மறு பிடி கூட வேலை செய்யும் புவனேஸுடையது. கங்காணி ஆண்டியப்பன் ஆபரேஷனுக்கு முன்பே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"மாசம் பொறந்ததும் அக்கா வந்து மெஷினப் புடிச்சிரணும்ணே. இல்லாட்டி வேற ஆளப் போட்டு, வீட்டையும் அவனுக்கே குடுக்கச் சொல்லிட்டாரு துரை."

"வந்துருவா. நான் தேத்திக் கொண்டாந்துர்றேன்."

மலையேறி வந்து சேர்ந்தபோது தூறல். தவமலர் கம்பளிக்குள் நடுங்கினாள்.

"ஏங்க, வயிறு என்னுது மாதிரியே இல்ல. பலகை கணக்கா கெடக்கு. குளிர் ஏறிருச்சோ?"

"ஊசி லா. இரு, ஒத்தடம் குடுக்குறேன்."

கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டினார். மிஸி சொன்னதை மறக்கவில்லை. மூட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடுதான். மறு கையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் பிளாஸ்திரி படாமல், வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினார்.

"சூடு ஏறுதா?"

"ஒண்ணும் தெரியல. வைங்க, வைங்க."

ஆறியதாகத் தோன்றியபோது மறுபடி சட்டியில் போட்டு எடுத்தார். தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள்.

"வயிறு கெடக்கட்டும்ங்க. தோள்பட்டதான் உயிர் போவுது. வயித்துல காத்து அடைச்சு ஆபரேஷன் பண்ணாங்கள்ல, அது தோளுக்கு ஏறும்னு டாக்டர் சொன்னாரு."

அதே மூட்டையைத் தோளில் வைத்தார்.

தவமலர் அலறினாள். "ஐயோ! என்னங்க, கொள்ளிக்கட்டையா வைக்கிறீங்க?"

முருகையா அவள் வயிற்றுத் துணியை விலக்கினார். விலாவுக்குக் கீழே தோல் வெளுத்து உப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்திரியை நனைத்துக்கொண்டு நீர் வழிந்தது.

எத்தனை வருடம் அவள் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்! சூடு மிஞ்சினால் அவள் முகம் சுளிக்கும், அவர் கையை எடுப்பார். அந்தக் கையின் சூடறியும் உணர்வை டிரையர் எப்போதோ தின்றுவிட்டது. முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் சூடு பார்த்திருக்கிறார். இன்று முகம் ஒன்றும் சொல்லவில்லை.

தோல் ஆழமாக வெந்துவிட்டது, துளை சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், இரண்டு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று அன்றே கூட்டிப்போன கிளினிக்கில் சொன்னார்கள். விடிந்ததும் ஊசியின் வேகம் இறங்கியது. வலி மொத்தமாக வந்தது. புண்ணின் வலியா, சூட்டின் வலியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சேதி கேட்டு ஆண்டியப்பன் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"துரைகிட்ட கேட்டுப் பாத்துட்டேன்ணே. ஆவாதுன்னுட்டாரு. புவனேஸ் கூட வேற ஆளு போயிட்டான். மாசக் கடைசியில சாவிய ஆபீஸ்ல குடுத்துருங்க."

"சரிப்பா."

அவன் போன பிறகு முருகையா வெந்நீரில் மைலோ கலக்கினார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வெகுநேரம் நின்றார். சூடா, ஆறிவிட்டதா, தெரியவில்லை. அவளிடம் நீட்டி, முகத்தைப் பார்த்தார்.

தவமலர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.