வியாழக்கிழமைக் கோடு

சவப்பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டு வந்தவர்கள் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனெல் ஹாம் சாண்ட்விச் தட்டோடு மேசை மேசையாகப் போனாள். அவள் அப்பா ஆர்வில் திங்கட்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். கடைசி ஒரு மாதமாகச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. இழவு நாளில் இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆர்விலின் புஜத்தில் ஒட்டியிருந்த சின்ன வில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருடைய சர்க்கரை அளவை முந்நூறு மைல் தள்ளி ஃபார்கோ நகரில் இருந்த மகளின் போனுக்குக் கோள்மூட்டிக்கொண்டிருந்தது. வியாழன் மூன்று மணி ஆனால் போன் திரையில் சர்க்கரைக் கோடு மலை ஏறும். உடனே கூப்பிடுவாள்.

"அப்பா, என்ன தின்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, ஒரு ஆப்பிள்."

"ஆப்பிளுக்கு இருநூத்தி எம்பதா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல முனகிவிட்டுப் போனை வைத்துவிடுவார். கடைசி நான்கு வியாழனும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. 'சபாஷ், அப்பா!' என்று ஒவ்வொரு முறையும் செய்தி அனுப்பினாள். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஓரத்து மேசையில் தனியாக இருந்த, எழுபது தாண்டிய பெண்மணி ஜெனெலின் கையைத் தொட்டாள்.

"நான் வெர்லா, பின்தெரு. வியாழக்கிழமைன்னா உங்கப்பா சீட்டாட வருவாரு. சர்க்கரைப் பாகு ஊத்தி கேரமல் ரோல் சுட்டு வைப்பேன். தோத்துட்டா ஒரே சண்டை." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நாலு வாரமா வரலை. தெருவுல பாத்தாலும் கைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா, கண்ணு?"

ஜெனெல் தட்டை மேசையில் வைத்தாள். தெரியாது என்று சொல்லி நழுவியிருக்கலாம்.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. நான்தான். சர்க்கரை ஏறுதுன்னு வாரா வாரம் கத்தினேன்."

வெர்லா மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரோல் இல்லாட்டி என்ன? சும்மா வந்து உக்காந்திருக்கலாமே. வெறும் காப்பி குடுத்திருப்பேனே."

அப்பாவை உயிரோடு வைத்திருக்கத்தான் ஜெனெல் அத்தனையும் செய்தாள். உயிரோடு இருந்த அந்த நான்கு வியாழனும் அவர் தன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து மூன்று மணியைக் கடத்தியிருக்கிறார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் சாண்ட்விச் தட்டை வெர்லா பக்கம் நகர்த்தினாள்.

வெர்லா எழுந்து பக்கத்து மேசையில் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினாள். போதகர் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.