மெடல்காரரின் மதியத் தூக்கம்

மெடல்காரருக்கு உலகத்தில் எது இல்லாவிட்டாலும் மதியத் தூக்கம் வேண்டும். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் குறட்டை கிளம்பிவிடும். பட்டாளத்தில் சேர்ந்தும் அந்த நல்ல பழக்கத்தை அவர் கைவிடவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயார்தான். தூக்கத்தைக் கொடுப்பதாகப் பேச்சே இல்லை.

மலைமேல் ஒரு காவல் சாவடியில் அவரைத் தனியாகப் போட்டிருந்தார்கள். துணைக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி. சும்மா இராமல் கொரகொரவென்று இரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அதை அணைத்துவிட்டுக் காலை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. மற்ற நாலு சாவடிக்காரர்களும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். இவர் கண் விழித்தபோது கீழே எதிரிப் படை நின்றது. கிலி பிடித்துப்போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த குண்டையெல்லாம் சுட்டுத் தீர்த்தார். மேலே பெரிய படையே இருக்கிறது என்று எதிரி நினைத்துத் திரும்பிப் போய்விட்டான். அவனுக்கும் மூளை மட்டு என்பது இந்த நாடு செய்த புண்ணியம்.

மெடல் வந்தது. கூடவே பாராட்டுப் பத்திரமும் வந்தது. தனியாக நின்றார் என்று மட்டும் எழுதினால், ஏன் நின்றார் என்று எவனாவது கேட்டுத் தொலைப்பானே? அதற்காக ஒரு வரி சேர்த்தார்கள்: 'கடமை தவறிய வயர்லெஸ் ஆபரேட்டரின் அலட்சியத்தால் உத்தரவு கிடைக்காத நிலையிலும்...'

தலைமை முகாமில் இருந்த அந்த ஆபரேட்டர் ஆறு தடவை கூப்பிட்டிருந்தார். ஆறு தடவையும் பதில் இல்லை என்று பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் மெடல் வாங்கியவரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லையே. ஆபரேட்டருக்கு வேலை போயிற்று.

இது நடந்து இருபத்தைந்து வருடம். ஆபரேட்டர் இப்போது மெடல்காரரின் ஊரிலேயே மைக்செட் போடுகிறார். வருடா வருடம் பள்ளிக்கூட விழாவில் அந்தப் பத்திரத்தை முழுசாகப் படிப்பார்கள். அந்த ஒரு வரியைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கொண்டு சேர்ப்பது அவருடைய ஸ்பீக்கர்தான். இருவரும் பார்த்துக்கொள்வார்கள், தலையை ஆட்டிக்கொள்வார்கள், அதோடு சரி.

இந்த வருடம் விழாவுக்கு முதல் நாள் காலையில் மைக்செட்காரர் மெடல்காரரின் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, என் பொண்ணு அந்த ஸ்கூல்ல டீச்சரா சேர்ந்திருக்கா. நாளைக்குப் பத்திரத்தை அவதான் படிக்கப் போறா."

"சந்தோஷம்தானே தம்பி?"

"நான் பட்டாளத்துல இருந்ததே அவளுக்குத் தெரியாதுண்ணே. இத்தனை வருஷமா யார் யாரோ படிச்சாங்க, கேட்டுக்கிட்டேன். என் பொண்ணு வாயால கேக்க என்னால முடியாது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடச் சொல்லுங்கண்ணே."

மெடல்காரருக்கு மனசு நிஜமாகவே கரைந்துபோயிற்று. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே. "கவலையை விடு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தார்.

"ஹெட்மாஸ்டர் ஒத்துக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"மேடையில நானே உண்மையைச் சொல்லிடுவேன்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் உங்களை எழுப்ப ஆள் தேடணும்."

ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "அரசாங்கம் எழுதினதுங்க ஐயா. அதுல ஒரு புள்ளியை எடுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் படித்தாள். அழகான குரல். 'கடமை தவறிய' என்ற இடத்தில் நன்றாக அழுத்தம் வேறு கொடுத்தாள். மைக்செட்காரர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். வேலையில் குறை வைத்துப் பழக்கம் இல்லாத மனுஷர், குறைக்கவில்லை.

மெடல்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். சொல்லியும் விட்டார்.

"அந்த ஆபரேட்டர் மேல தப்பே இல்லைங்க. அவர் ஆறு தடவை கூப்பிட்டார். நான்தான் பெட்டியை அணைச்சிட்டுத் தூங்கிட்டேன்."

அடுத்த நொடி ஹெட்மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"கேட்டீர்களா மாணவர்களே! தப்புச் செய்தவனைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே, இதுவல்லவா வீரம்!"

கைத்தட்டலில் கூரை பறந்தது. மூலையிலிருந்து மைக்செட்காரர் மெடல்காரரையே பார்த்தார். 'இல்லைங்க, நிஜமாகவே தூங்கினேன்' என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். மைக் எதிரிலேயே இருந்தது, வேலையும் செய்தது. மெடல்காரர் வாயைத் திறந்தார். கைத்தட்டல் நிற்பதாக இல்லை. வருடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கிறது, கேட்கவும் சுகமாக இருந்தது. அவருடைய கை தானாக மேலே போயிற்று. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்ததும் அந்தப் பெண் ஒரு நோட்டோடு ஓடி வந்தாள். பக்கத்தில் அவள் அப்பா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்த மாதிரி ஒரு ஆளுக்காகப் போய் நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்களே, எனக்கு அழுகையே வந்துடுச்சு." அப்பா பக்கம் திரும்பினாள். "அவர் பேசினதைக் கேட்டீங்களாப்பா?"

"கேட்டேம்மா. எனக்கு எப்பவுமே எல்லாம் தெளிவாக் கேக்கும்" என்றார் மைக்செட்காரர்.

மெடல்காரர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. அவருக்குக் கொட்டாவி வந்தது.