ஒருவராவது அலற வேண்டும்

சீமோனுக்கு அந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு அலறல் தேவைப்பட்டது. யார் அலறினாலும் பரவாயில்லை. நடைச்சுற்றுலாவுக்கு வந்தவர்களில் ஒருவராவது உண்மையாகவே பயந்து வாய்விட்டு அலறினால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் போட்டிக்கு நின்ற, நாடகக் கல்லூரியில் படித்த அன்ட்ரூவுக்கு. முதலாளி ஜூலியன் போட்ட விதி அது.

வேலை என்னவென்றால், கறுப்பு அங்கியும் முகத்தை மறைக்கும் தலைமூடியும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் மணி, மறுகையில் அரிக்கன் லாம்பு சகிதம் ரொறன்ரோவின் பழைய தெருக்களில் முன்னே நடப்பது. தூக்குமேடை, இருட்டுச் சிறை, கொள்ளைநோய் என்று கதை சொல்லிப் பின்னால் வருகிறவர்களின் வயிற்றைக் கலக்குவது. அங்கிகளை ஜூலியன், பழங்கால ஐரோப்பிய வேடம் போட்டுப் பரிமாறி, பிறகு இழுத்து மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து மலிவாக வாங்கியிருந்தார். அவை எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பாவில் மரணதண்டனை நிறைவேற்றியவர்கள் போட்டவை மாதிரி இருந்தன. இந்தத் தெருக்களிலோ மிகப் பழைய சுவருக்கே இருநூறு வயதுதான். நேர்முகத்தில் சீமோன் இதைக் கேட்டேவிட்டார். கப்பலில் வந்து குடியேறியவர்கள் தங்கள் பயங்களையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதானே வந்தார்கள் என்றார் ஜூலியன். அந்தப் பதில் சீமோனுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அவரும் பெட்டி கட்டிக்கொண்டு வந்த மனிதர்தானே.

பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் இருபத்திரண்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அவர். காதில் இரைச்சலுக்கு அடைப்பான், எதிரில் மட்டைப்பெட்டி, பேச்சுக்கு ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கடவுள் போட்டதோ பேசாவிட்டால் தூக்கம் வராத ஒரு மனிதரை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் வேத வாசகம் வாசிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மிச்ச ஆறு நாளையும் ஓட்டினார். வெயார்ஹவுஸ் ஆள்குறைப்புச் செய்தபோது மற்றவர்கள் கண்கலங்கினார்கள். சீமோனோ வாய்க்கட்டு அவிழ்ந்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு வேலைக்கு இவ்வளவு ஆசைப்படலாமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் அலறல் விஷயத்தை மனைவி வேரோனிக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒரு பரீட்சை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அங்கேதான் பிசகிப்போயிற்று. பரீட்சை என்றால் ஆட்கள் நிறைய வந்தால்தான் மதிப்பு என்று வேரோனிக்கா முடிவு கட்டிவிட்டார். கலியாணமோ செத்தவீடோ நூல் வெளியீடோ, எங்கள் ஆட்களுக்குக் கூட்டம்தானே அளவுகோல். ஸ்காபறோக் கோயிலின் செபமாலைக் குழுவில் பதினான்கு பெண்களுக்கு ரிக்கெற் எடுத்து, ரயிலேற்றி, சரியாக மூன்றரை மணிக்கு எல்லோரையும் சுற்றுலா தொடங்கும் இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். முன்வரிசையில் ஏஞ்சலா அன்ரி. வயது எழுபத்துநான்கு, இரண்டு முழங்காலும் பழுது, கையில் பொரித்த பற்றிஸ் பலகாரப் பெட்டி.

தலைமூடியின் ஓட்டை வழியே இந்தப் பட்டாளத்தைக் கண்டார் சீமோன். இருந்தாலும் மணியை அடித்து, குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, பிணம் சுமப்பவன் நான் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். பிற நாட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் கொஞ்சம் பின்வாங்கவும் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து ஏஞ்சலா அன்ரி முன்னால் வந்தார்.

"தம்பி சீமோன், உந்த மெல்லிய உடுப்போட குளிரேல்லையே? இந்தாரும், சூட்டோட ஒண்டு சாப்பிடும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கூட்டத்தின் பின்னால், சாதாரண உடுப்பில் நின்ற ஜூலியன் கொப்பியில் ஏதோ எழுதினார்.

அதற்குப் பிறகு எந்த இடத்திலும் பயம் ஒட்டவில்லை. தூக்கில் போடப்பட்டவனின் கடைசி இரவைச் சீமோன் உருகி உருகிச் சொன்னால், அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்புக் கொடுக்கச் சுவாமியார் வந்தாரா என்று பெண்கள் விசாரித்தார்கள். இருட்டுச் சிறையைப் பற்றிச் சொன்னால், இப்போதைய வாடகை வீடுகளைவிட அது திறம் என்றார்கள். ஞாயிறுதோறும் கோயிலில் உண்டியல் பை தூக்கி வரிசை வரிசையாக நடக்கிற மனிதரைப் பார்த்து யார்தான் பயப்படுவார்கள்? சுற்றுலாவின் கடைசித் தரிப்பிடத்துக்குப் போகிற வழியில் சீமோன் மனைவியை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"வேரோ, உதவி செய்யிறன் எண்டு என்ர சோத்தில மண்ணைப் போட்டிட்டீர். ஒருத்தராவது பயத்தில கத்தினாத்தான் எனக்கு வேலை."

வேரோனிக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. "உதை முதலே சொல்லியிருந்தா நானே கத்தியிருப்பனே."

"கள்ளக் கத்தலை அவன் கண்டுபிடிச்சிடுவான்."

கடைசித் தரிப்பு ஒரு பழைய கோயிலை ஒட்டிய புல்வெளி. நவம்பர் மாதம் என்பதால் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஜூலியன் எழுதிக் கொடுத்தபடி இங்கே விளக்கை அணைக்க வேண்டும், காலடியில் கிடக்கிற காய்ச்சல் பிணங்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும், பிறகு மூன்று எண்ணித் திடீரென்று கத்த வேண்டும். சீமோன் விளக்கை அணைத்தார். கப்பலிலிருந்து இறங்கிய கையோடு காய்ச்சலில் விழுந்த ஏழைகளை வண்டியில் ஏற்றி வந்து, நிலத்தில் வெட்டிய ஒரே கிடங்கில் போட்டார்கள், யாருடைய பெயரையும் எழுதி வைக்கவில்லை என்றார். மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு.

புல்லில் ஏதோ சரசரத்தது. பதினான்கு பெண்களும் முழந்தாளிட்டிருந்தார்கள். கத்தோலிக்கருக்கு நவம்பர் என்றால் மரித்த ஆன்மாக்களின் மாதம். அந்த மாதத்தில் பெயரில்லாத பிணம் என்று சொன்னால் செபமாலைக் குழு வேறென்ன செய்யும்? ஏஞ்சலா அன்ரிகூட, ஒருத்தியின் தோளைப் பிடித்து ஈரப்புல்லில் எப்படியோ இறங்கிவிட்டார்.

திறந்த வாயோடு நின்றார் சீமோன். மூன்றை எண்ண முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும், செபிக்கிறவர்களின் தலைக்கு மேல் நின்று கத்த அவரால் முடியாது. தலைமூடியைக் கழற்றினார். அங்கியோடு முழந்தாளிட்டு, கோயிலில் வாசிக்கிற அதே குரலில் மரித்தோருக்கான செபத்தைத் தொடங்கினார். பெண்கள் பதில் சொன்னார்கள். துக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் இல்லாத நிம்மதி அவருக்கு அப்போது வந்தது.

முடிந்ததும் வேரோனிக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பேர் தெரியாட்டி என்ன, ஆளுக்கொரு ஆன்மாவைப் பொறுப்பெடுத்து மனசுக்குள்ள செபிப்பம்."

சீமோன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். முன்பின் தெரியாத ஆட்களும் தலை குனிந்தார்கள். ஜூலியனும் கொப்பியை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்து, தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு பெண்களின் அருகில் வந்து நின்றார். அந்த இருட்டில், அந்தக் கிடங்கின் மேல், ஒரு சத்தமும் இல்லை.

அப்போது புல்லிலிருந்து ஒரு குளிர்ந்த கை நீண்டு ஜூலியனின் கணுக்காலை இறுகப் பிடித்தது.

அவர் போட்ட அலறலில் கோயில் கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற நாய் குரைத்தது. ஒற்றைக் காலில் துள்ளித் தொப்பியையும் தவறவிட்டார் மனிதர்.

"மன்னியும் தம்பி," என்றது கீழிருந்து ஏஞ்சலா அன்ரியின் குரல். "முழங்கால் பூட்டிப்போச்சு. ஒருக்காத் தூக்கிவிடும்."

சீமோன் எழுந்தார். அங்கியில் ஒட்டிய புல்லைத் தட்டினார். முதலாளியிடம் போய், மிகவும் பணிவாக, ஆங்கிலத்தில் கேட்டார்: "இது சேர்த்தியா?"

ஜூலியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. இருவருமாக ஏஞ்சலா அன்ரியைத் தூக்கி நிறுத்தியபிறகு, அங்கிகள் வைக்கும் அலுமாரியின் சாவியை எடுத்துச் சீமோனின் கையில் வைத்தார். கடைசித் தரிப்பில் இனிமேல் கத்தத் தேவையில்லை, இன்று செய்தது போலவே செய்யுங்கள் என்றார்.

ரயிலில் சாவியைப் பத்துத் தரமாவது திருப்பிப் பார்த்திருப்பார் சீமோன். எதிர் ஆசனத்தில் ஏஞ்சலா அன்ரி மிச்சப் பற்றிஸைப் பகிர்ந்துகொண்டிருந்தார்.

"பாவம் அந்தப் பெடியன்," என்றார். "உப்பிடிப் பயந்த சுபாவத்தோட ஏன் உந்தத் தொழிலைச் செய்யிறான்?"