மூன்று மாத நீட்டிப்பு

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தட்டச்சுத் தாள் கேட்டு எழுதிய கடிதத்தையும் நர்ஸ் வழக்கின் தீர்ப்பு வரைவையும் ஒரே கிளிப்பில் மாட்டியிருந்தேன். இரண்டும் ஒரே உறையில் சுகாதாரத் துறைக்குப் போய்விட்டன. அந்த வழக்கில் எதிர்த்தரப்பும் அதே துறைதான்.

எங்கள் தீர்ப்பாயத்துக்குத் தாள், நாற்காலி, தீர்ப்புச் சொல்லும் உறுப்பினரின் பதவிக்காலம் எல்லாமே அங்கிருந்துதான் வர வேண்டும். போன வாரம் சட்டக் கல்லூரி மாலை வகுப்பில், தீர்ப்பாயங்களில் நிர்வாகம் தலையிட முடியாது என்று எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினேன்.

கண்காணிப்பாளர் அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"என்ன வக்கீலம்மா, தீர்ப்பை எதிராளி வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களா?"

"கவனிக்கலக்கா. சார்கிட்ட சொல்லிடட்டுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ போய் முகத்தக் கழுவு. இனிமே தாள் சீக்கிரமா வரும் பாரு."

காலாவதியான மருந்தைப் பற்றிப் புகார் எழுதியதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அந்த நர்ஸ். அவரை உடனே திரும்பச் சேர்க்க வேண்டும் என்கிறது, நாளை வெள்ளிக்கிழமை வாசிப்பதாக இருந்த அந்த வரைவு. இந்த மாதம் 31ஆம் தேதி அவருக்கு ஓய்வு பெறும் வயது. "ஒரு நாள் போதுங்க. வார்டுக்குள்ள போய், கையெழுத்துப் போட்டுட்டு, நானா வெளிய வரணும்" என்று விசாரணையில் சொன்னார். நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்.

மார்ச் 18, திங்கள்.

மூன்று மாதமாகக் கேட்டும் வராத தாள் இன்று பத்துக் கட்டு வந்தது. கூடவே உறுப்பினருக்குப் பதவி நீட்டிப்பு ஆணை. புதன்கிழமையோடு முடிய வேண்டியவருக்கு இன்னும் மூன்று மாதம். அடியில் எங்கள் வரைவும் இருந்தது. அதில் யாரும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

உறுப்பினர் ஆணையை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நர்ஸ் கேஸ்ல இன்னும் ஒரு விஷயம் கேட்டுத் தெளிவாக்கணும்மா. ஏப்ரல் பதினொண்ணு போட்டுரு."

"சார், அவங்களுக்கு மாசக் கடைசியில..."

"எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நீயும் பாத்தல்ல?" என்றார்.

பார்த்தேன். உண்மைதான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்காத. நீ அனுப்பலேன்னாலும் நீட்டிப்பு அவங்க கையிலதான் இருந்திருக்கும்."

எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வரைவு போகாமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமையே அதை வாசித்து முடித்திருப்பாரோ? வகுப்பில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் வழக்கு எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். இன்று வகுப்புக்கே போகவில்லை.

நாளை: பத்து மணிக்கு நர்ஸுக்குப் போன் செய்து ஏப்ரல் 11 என்று சொல்ல வேண்டும். பிறகு ஒத்திவைப்பு அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.