கொக்கேரிக் கரைக்கு ஏற்ற சைலன்சர்

சத்தத்தைக் கேட்டே வண்டியின் வியாதியைச் சொல்லிவிடுவான் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் மெக்கானிக் சடையப்பனுக்கு ஒரு பேர். அந்தப் பேரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் டாக்டர் ஜெயம்மாளின் சிவப்புக் கார் தெருமுனையில் திரும்பினால் போதும், ஐயா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார். இரண்டே சீட்டு, இடுப்பளவு உயரம், லண்டன் சரக்கு. சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய தம்பி கனடாவுக்குப் போகும்போது அக்காவிடம் விட்டுப்போனது. அது போடும் உறுமலில் டீக்கடை கிளாஸெல்லாம் கிடுகிடுக்கும். அந்த உறுமல் குறையாமல் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவன் சடையப்பன்தான்.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் அவனே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தச் சத்தத்தை அடக்கியாக வேண்டும் என்றான். அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் காரணம் தெரியும்.

சடையப்பனின் தங்கை அம்முலுவைக் கொடுத்திருந்தது கொக்கேரியில். ஏரிக்குள் கரையை ஒட்டி நெடுக நீர்க்கடம்பு மரங்கள், அவற்றில் ஐப்பசி பிறந்தால் ஆயிரக்கணக்கில் நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரமே வேண்டாம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். சாவு விழுந்தாலும் மேளம் கிடையாது, பிணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப்போவார்கள். பறவை இருக்கிற வரைக்கும் இரண்டு மைல் கரைமேல் எந்த மோட்டார் வண்டிக்கும் அனுமதி இல்லை. வேறு வழி என்று ஒன்று இருந்தது. அதன் தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

போன வருஷம் அம்முலுவுக்கு வலி கண்டபோது டாக்டர் கரை முனையிலேயே காரை நிறுத்திவிட்டுப் பையோடு ஓடினார். அந்த அரை மணி நேரத்தில் குழந்தை போய்விட்டது. அதற்கு முன்னால் ஒன்று, ஏழாம் மாதத்திலேயே போனது. இப்போது மூன்றாவது, தை பிறப்பதற்குள் நாள். இதுவும் போனால் அம்முலு என்ன ஆவாள்?

சத்தத்தை அடக்கிய வண்டியைக் கரைமேல் விட வேண்டும் என்று, ஏரியைக் காவல் காக்கும் எல்லப்பனிடம் போய்ச் சடையப்பன் கெஞ்சினான். போன வருஷம் கரைமேல் மூச்சு வாங்க ஓடிவந்த டாக்டரை எல்லப்பனும் பார்த்திருந்தார். ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டு வந்து சொன்னார்.

"வண்டிய ஓட்டிக் காட்டு மேஸ்திரி. ஒரே ஒரு பறவ கூட்ட வுட்டு எயுந்தாலும், அதோட சரி."

சடையப்பன் வேலையில் இறங்கினான். மூன்று சைலன்சர்களைப் பரப்பிவைத்தான். லாரியில் கழற்றியது நல்ல அடக்கம், ஆனால் நீளம். அந்தக் குள்ளக் காரின் அடியில் மாட்டினால் தரையை உழுதது. அம்பாசிடரில் கழற்றியது சரியாகப் பொருந்தியது, ஆனால் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். சீ, இதெல்லாம் ஒரு அடக்கமா என்று தள்ளிவைத்தான். மூன்றாவது அவனே செய்தது. குழாயில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு, சுற்றிலும் லேத்து பட்டறையின் இரும்புச் சுருளைத் திணித்து, மேலே தகடு சுற்றிப் பற்றவைத்தான். ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின்கூடத் தோற்றது. இதுதான் என்று முடிவு கட்டினான். யாரைக் கேட்டான்? அவன் காதைத்தான் கேட்டான்.

மார்கழி முதல் வாரம் சோதனை. டாக்டர் ஓட்ட, சடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊரே மதகடியில் நின்றது. பாதிக் கரை வரை ஒரு சிறகு அசையவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வளைவில் டாக்டர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்னால் 'டப்' என்று ஒரு வெடி. அவ்வளவுதான், ஒரு மரம் அப்படியே வெள்ளையாக எழுந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். அவர்களுக்கு நடுவே நிறை வயிற்றோடு நின்ற அம்முலு மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லப்பன் காரருகே வந்தார். கரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த பம்பு செட்டைக் கை காட்டினார்.

"அது பொயுது வெடிஞ்சி பொயுது சாஞ்சா ஓடிக்கினுதான் கீது. அதுக்கு ஒண்ணும் எயுந்துக்கல பாரு. அதுங்களுக்குச் சத்தம் பயமில்ல மேஸ்திரி. திடீர்னு வர்றதுதான் பயம். திரும்பி வந்து குந்திக்கிச்சிங்க, அதனால இன்னோரு தபா வேணா வா."

இருபது வருஷமாகச் சத்தத்தில் புழங்குகிறவன் சடையப்பன். கூட்டுகிறது குறைக்கிறது தவிர வேறெதுவும் தோன்றியதில்லை. பட்டறைக்கு வந்து காருக்கடியில் படுத்துப் பார்த்தால், அவன் பற்றவைத்த இணைப்பில் மயிரிழை விரிசல். அங்கே காற்று புகுந்துதான் வெடித்திருக்கிறது. தன் கைவேலையைக் கழற்றி மூலையில் வீசினான். முனகுகிறது என்று தள்ளிய அம்பாசிடர் சைலன்சரை எடுத்து மாட்டினான். கூட்டினாலும் குறைத்தாலும் அது ஒரே சீராக முனகியது. இரண்டாம் சோதனையில் எல்லப்பன் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்கழிக் கடைசியில், உச்சி வெயிலில், அம்முலுவின் புருஷன் சின்னப்பையன் சைக்கிளில் பட்டறை வாசலில் வந்து விழுந்தான். சடையப்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்; டாக்டர் பையோடு காரில் ஏற, அவனும் ஏறிக்கொண்டான்.

கரை வந்தது. டாக்டர் காலை ஒரே நிலையில் வைத்து ஓட்டினார். இன்னும் வேகமாப் போங்களேன் என்று வாய் வரை வந்ததை அவன் விழுங்கினான். பயத்தில் முகத்தைத் திருப்பியவன் அப்படியே உறைந்துவிட்டான். இதற்கு முன் இந்தக் கரையில் வந்தபோதெல்லாம் மரத்தில் வெள்ளைதான் தெரிந்தது, பறவை தெரியவில்லை. இப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாரை, சிறகு இரண்டையும் விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். அடுத்த கூட்டில் அப்படியே இன்னொன்று. அதற்கடுத்த கிளையிலும். மரம் மரமாக, இரண்டு மைலுக்கும், தாய்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. அந்த நாரை ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. சிறகை மடக்கவில்லை. அம்மாடி, இத்தனை உயிரா என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடுகிற காரில் உட்கார்ந்தபடியே கும்பிட்டான். ஒன்றுகூட எழவில்லை.

வீட்டு வாசலில் அவனை நிறுத்திவிட்டு டாக்டர் உள்ளே போனார். எல்லப்பனும் வந்து நின்றார். உள்ளே அம்முலுவின் முனகல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. டாக்டர் எதையோ கேட்டு வாங்கினார். பளார் என்று ஒரு அடி. மறுபடி ஒன்று. பிள்ளை அழவில்லை.

மூன்றாவது அடிக்கு அது கத்தியது. சாதாரணக் கத்தலா அது! தெருவே அதிர்ந்தது. டாக்டர் வெளியே வந்து, பெண் குழந்தை, தாயும் நலம் என்றார். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். உள்ளே ஒருத்தி, பழக்க தோஷத்தில், ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

"வுடு, சாத்தாத," என்றார் எல்லப்பன். "நல்லா கத்தட்டும். அதுங்களும் புள்ள பெத்துதுங்கதான."

சடையப்பன் வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவனையும் யாரும் அடக்கவில்லை.