ஊதாவுக்கு ஒரு விசாரணை

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் வாயைத் திறந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. அன்று என் சேர்மத்தையும் முடித்துவைக்க வந்தார்.

"புற்று செல் ஒண்ணுகூட சாகலம்மா. மெஷினே சொல்லுது. சாயங்காலத்துக்குள்ள பாட்டிலையெல்லாம் கழிவுல கொட்டிட்டு இடத்தைக் காலி பண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூ இதழில் இருக்கும் நிறமியை மாதிரியாக வைத்து நானே உருவாக்கிய சேர்மம் அது. அமிலத்தில் சிவக்கும், அமிலம் போனால் ஊதாவாகும். அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். வீட்டில் என் கணவர்கூட, "சாயப்பட்டறை எப்படிப் போகுது?" என்றுதான் கேட்பார்.

"கொட்ட மாட்டேன் சார்" என்றேன்.

நேரே செல் வளர்க்கும் அறைக்குப் போனேன். அங்கே வேலை பார்ப்பவர் என் அண்ணி. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன் சேர்மம் விட்ட செல் எல்லாம் சுருண்டு கிடக்கு. இதையா உயிரோட இருக்குன்னு சொல்றாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்கள் இருக்கும் ஒவ்வொரு குழியிலும் ஒரு மஞ்சள் மருந்தை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர் என்று மெஷின் கணக்குப் போடும். அமிலமில்லாத அந்தக் குழித் திரவத்தில் என் சேர்மமும் ஊதாதானே! இவ்வளவு படித்தும் இது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை, என் மண்டை உட்பட.

இருவரும் உடனே குழிகள் உள்ள புதிய தட்டு ஒன்றைத் தயார் செய்தோம். மாலையில் அதைத் தலைவரிடமே நீட்டினேன்.

"நீங்களே மெஷின்ல வச்சுப் பாருங்க சார்."

திரையில் எண்கள் ஓடின. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? எல்லாம் கொழுகொழுன்னு உயிரோட இருக்கு. இன்னும் என்ன பேச்சு?"

"இந்தத் தட்டுல செல்லே போடல சார். என் சாயமும் மஞ்சள் மருந்தும் மட்டும்தான்."

அவர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்கூட வந்திருந்த அண்ணி வேண்டுமென்றே இருமினார்.

"அப்போ உன் சேர்மம் புற்றைக் கொல்லுதுன்னு சொல்றியா?"

"தெரியாது சார். நிறத்தை நம்பாத வேற சோதனை வைப்போம். அதுலயும் சாகலன்னா நானே கொட்டறேன். அதுவரைக்கும் என் பாட்டில் மேல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்."